காலையில் ஒரே ஒரு கேள்வி

காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் எஞ்சின் உதறும். ஆக்சிலேட்டரில் கால் வைத்திருந்தால் ஓடும், காலை எடுத்தால் ஆஃப் ஆகிவிடும். மூன்று நான்கு நிமிடம் கழிந்தால் எதுவுமே நடக்காதது போலச் சீராக ஓடும். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் கோளாறு தலைகாட்டாது. கார் வேலை பழகுகிறவனுக்கு இதைவிடக் கடினமான பாடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கிளட்ச் தேய்ந்தால் எப்போது ஓட்டினாலும் வழுக்கும். பிரேக் பிடிக்கவில்லை என்றால் எந்த ரோட்டிலும் பிடிக்காது. இது ஒன்றுதான் சொந்தக்காரர் வீட்டு வாசலில், விடியற்காலையில், அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற கோளாறு. திருமானூரிலிருந்தோ அரியலூரிலிருந்தோ பட்டறைக்கு ஓட்டி வருவதற்குள் எஞ்சின் சூடாகிவிடும். "இங்க நல்லாத்தானே ஓடுது சார்" என்று சொல்லி அனுப்புகிற மெக்கானிக் சொல்வதும் உண்மை. "வீட்டுல உதறுதுப்பா" என்று திரும்பி வருகிறவர் சொல்வதும் உண்மை.

ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் டிரேடு முடித்த கையோடு நான் சேர்ந்த பட்டறை கீழப்பழுவூரில் இருக்கிறது. திருச்சியிலிருந்து சிதம்பரம் போகிற நெடுஞ்சாலையும் அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையும் சேருகிற இடத்துக்குப் பக்கம். ஒரு தகர ஷெட், ஒரு குழி, வாசலில் வேப்பமரம், மரத்தடியில் ஒரு நாய். ராத்திரி பகல் பாராமல் சிமென்ட் லாரியும் சுண்ணாம்புக்கல் லாரியும் போய்க்கொண்டே இருக்கும். பட்டறை வைத்திருக்கிற அண்ணன் அம்பாசடர் காலத்தில் ஸ்பேனர் பிடித்தவர். இன்றைக்குக் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரும் வைத்திருக்கிறார். முதலில் கையால் பார்ப்பார், அதன்பிறகுதான் ஸ்கேனரை எடுப்பார்.

அவரிடம் நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம் வண்டியைத் தொடாமல் இருப்பது. காலை உதறல் என்று யாராவது போன் செய்தால், "முந்தின நாள் சாயங்காலமே கொண்டாந்து விட்டுட்டுப் போங்க, ராத்திரி இங்கயே கிடக்கட்டும்" என்பார். எஞ்சின் முழுக்க ஆற ஒரு ராத்திரி வேண்டும். விடிந்ததும் ஒரு தடவை ஸ்டார்ட் செய்யலாம். அந்த மூன்று நிமிடத்தில் பார்க்க வேண்டியதைப் பார்க்காவிட்டால் அடுத்த நாள் விடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அதனால் ஒரு நோட்டு போட்டு என் கையில் கொடுத்திருந்தார். நாளைக் காலையில் இந்த வண்டியிடம் என்ன கேட்கப் போகிறோம் என்று ராத்திரி கடை அடைப்பதற்கு முன் அதில் எழுதிவிட வேண்டும். ஒரு கேள்விதான். இரண்டு எழுதினால் ஒன்றை அடிக்கச் சொல்வார். "ரெண்டு சாமானை ஒண்ணா மாத்திட்டு வண்டி சரியாப் போச்சுன்னா, எதுனால சரியாச்சுன்னு உனக்கு எப்புடிடா தெரியும்?"

கேள்வி எழுத வேண்டுமென்றால் எஞ்சினுக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். நம் ஊரில் மார்கழி விடியலில் 20 டிகிரி இருந்தாலே போர்வையைத் தேடுவோம். எஞ்சின் வேலை செய்கிற சூடு 80, 90 டிகிரி. அதன் கணக்கில் சித்திரை மாதத்து 30 டிகிரி காலையும் குளிர்தான். பனிக்காலம் போனால் சரியாகிவிடும் என்று நினைத்துக் காரை அப்படியே விட்டு வைத்திருப்பவர்களிடம் அண்ணன் இதைத்தான் முதலில் சொல்வார்.

ஆறிக் கிடக்கிற எஞ்சினுக்குள் தெளிக்கிற பெட்ரோல் முழுசாக ஆவியாகாது. ஒரு பங்கு, மேனிஃபோல்டு சுவரிலும் வால்வின் முதுகிலும் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். எரிவது ஆவியாகிற பங்கு மட்டுமே. அதனால் காலையில் பெட்ரோல் கூடுதலாக விட வேண்டும், எஞ்சின் வேகத்தையும் கொஞ்சம் ஏற்றி வைக்க வேண்டும். 1983-ல் மாருதி 800 வந்தபோது இந்த வேலையை ஓட்டுகிறவர் கைதான் செய்தது. சோக்கை இழுத்துவிட்டு ஸ்டார்ட் செய்வார், காது சொன்னதும் சோக்கைத் தள்ளுவார். இன்றைய காரில் கூலன்ட் சூட்டைப் பார்க்கிற சென்சார் கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்கிறது, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. அந்த சென்சார் என்பது சூடு ஏற ஏறத் தடை குறைகிற ஒரு சின்னப் பொருள். பல கார்களில் 20 டிகிரியில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ ஓம் காட்டும், 80 டிகிரியில் முந்நூறு ஓம் பக்கம் இறங்கிவிடும். குளிர்ந்த எஞ்சினைப் பார்த்து 'சூடாக இருக்கிறது' என்று அது பொய் சொன்னால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் திணறும். மதியம் எந்தப் பிரச்சினையும் இருக்காது, ஏனென்றால் மதியம் அது சொல்வது உண்மை.

எக்ஸாஸ்ட் குழாயில் இருக்கிற ஆக்சிஜன் சென்சாருக்கும் இதில் பங்கு உண்டு. எரிந்த புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து கலவையைத் திருத்த உதவுவது அதுதான். ஆனால் முந்நூறு டிகிரிக்கு மேல் சூடானால்தான் அது வாய் திறக்கும். அதுவரை கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடக் கணக்கை ஒப்பிக்கிறது. எங்கேயாவது ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்துத் திருட்டுக் காற்று உள்ளே போனால், சூடான பிறகு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி அதைச் சமாளித்துவிடும். காலையில் சமாளிக்கத் தெரியாது. 'ஏர் இழுக்குது' என்று நாங்கள் சொல்கிற கோளாறு காலையில் மட்டும் வெளியே தெரிவதற்கு இதுதான் காரணம்.

ஏர் இழுக்கிற இடத்தை அண்ணன் ஊதுபத்தியால் கண்டுபிடிப்பார். எஞ்சின் குளிர்ந்து ஓடிக்கொண்டிருக்கும்போது, பெட்ரோல் கசிவு எங்கும் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டு, ஒரு பத்தியைக் கொளுத்தி மேனிஃபோல்டு பேக்கிங் ஓரமாக, ஒவ்வொரு ஹோஸ் மூட்டின் ஓரமாக நகர்த்துவார். நேராக மேலே போகிற புகை ஓரிடத்தில் மட்டும் வளைந்து உள்ளே போகும். அந்த வளைவைப் பார்ப்பதற்காக ஷெட்டின் ஃபேனை நிறுத்தி, மூச்சையும் அடக்கிக்கொண்டு நிற்போம். பிரேக் பூஸ்டருக்குப் போகிற ஹோஸின் அடிப்பக்கத்தில், கண்ணாடி வைத்தால்தான் தெரிகிற விரிசல் ஒன்றை அப்படித்தான் பிடித்தோம்.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்கத் தண்ணீர்தான். ஸ்கேனரில் கோளாறைச் சொல்கிற கோடு (code) வராத பழைய வண்டிகளில், ஹீட் ஷீல்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்டார்ட் ஆன அரை நிமிடத்துக்குள் எக்ஸாஸ்ட் குழாய் ஒவ்வொன்றின் மேலும் விரலால் ஒரு சொட்டு உதற வேண்டும். எரிகிற சிலிண்டரின் குழாயில் சொட்டு 'சுர்' என்று சுருண்டு போய்விடும். எரியாததன் மேல் அப்படியே உட்கார்ந்திருக்கும். நேரம் தவறினால் பக்கத்துக் குழாயின் சூடு பரவி எல்லாம் ஒன்றுபோலக் காட்டிவிடும்.

அறுவடை முடிந்ததும் வேறொரு வகை வண்டிகள் வரும். நெல் வயலில் வேலையில்லாமல் போன எலி, கதகதப்புக்கு பானட்டுக்குள் ஏறி இன்ஜெக்டர் ஒயரைக் கடித்துவைத்துவிடும். முழுக்க அறுந்தால் அந்த சிலிண்டர் எரியாமல் நாள் முழுவதும் மிஸ்ஸிங். பாதி அறுந்திருந்தால் பனி ஈரம் இருக்கிற காலையில் மட்டும் மிஸ்ஸிங். டீசல் வண்டியில் காலை உதறல் என்றால் பார்க்க வேண்டியது ஹீட்டர் பிளக். டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸில் போட்டு, மறுமுனையால் ஒயர் கழற்றிய பிளக்கின் தலையைத் தொட்டால் லேம்ப் எரிய வேண்டும். எரியாத பிளக் அறுந்த பிளக். இவையெல்லாம் ஓரிரு காலையில் முடிகிற வேலைகள். நான் விரிவாகச் சொல்ல நினைப்பது திருமானூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சின்ன காரைப் பற்றி. இந்த வேலை எதனால் ஆனது என்பது அந்த வண்டியில்தான் எனக்குப் பிடிபட்டது.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருடைய கார் அது. மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், பன்னிரண்டு வருடம் ஓடியது. மூன்று சிலிண்டரில் ஒன்று படுத்தாலே வண்டி முழுக்க ஆடும், ஸ்டீயரிங் கையில் நடுங்கும். வேறு ஓரிடத்தில் ஏற்கனவே பார்த்திருந்தார்கள். மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஃபயர் என்று ஸ்கேனரில் கோடு வந்ததால், அந்த சிலிண்டரின் பிளக்கையும் காயிலையும் புதிதாக மாற்றி, த்ராட்டில் பாடியையும் கழுவிக் கொடுத்திருந்தார்கள். உதறல் நிற்கவில்லை. "இப்ப வர்ற கலப்புப் பெட்ரோல்தான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்களே" என்றார் ஆசிரியர். அவர் சொன்னதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஆவியாவதற்குப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் கூடுதலான சூட்டைக் கேட்கும். தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்ளும். எத்தனாலுக்காகத் தயார் செய்யாத பழைய வண்டி காலையில் சோம்பலாக எழுவதற்கு அது காரணமாகலாம். அண்ணன் யோசித்துவிட்டு, "ஐயா, மூணு சிலிண்டருக்கும் ஒரே டேங்க்குதான். பெட்ரோலு காரணம்னா மூணும்ல ஒண்ணா சோரணும்? இதுல ஒண்ணுதான் சோருது" என்றார்.

பிறகு அவரிடம் நிறையக் கேட்டார். எந்த வேளையில் உதறுகிறது, புகை வருமா, என்ன நிறம், முந்தின நாள் நிறைய ஓட்டியிருந்தால் கூடுதலா குறைவா. நீண்ட தூரம் ஓட்டி வந்து நிறுத்திய மறுநாள் கொஞ்சம் அதிகமாக இருக்கும் என்றார் ஆசிரியர். வெள்ளைப் புகை வரும், பனி என்று விட்டுவிட்டேன் என்றார். ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா என்று கேட்டதற்கு, "எப்பவாச்சும் கொஞ்சம் ஊத்துவேன், வீட்டு போர் தண்ணிதான்" என்றார். இவை எல்லாவற்றையும் நோட்டில் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொன்னார் அண்ணன். நம் வார்த்தைக்கு மாற்றி எழுதினால் நம் முடிவும் சேர்ந்து உள்ளே போய்விடும் என்பது அவர் எண்ணம். கீழே நான் எழுதிய கேள்வி: கூலன்ட் சென்சார் உண்மை சொல்கிறதா?

மறுநாள் விடிகிற நேரம். பானட் மேல் பனி படிந்திருந்தது. ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி ஸ்கேனரைப் பார்த்தேன். ராத்திரி முழுக்கக் கிடந்த வண்டியில் கூலன்ட் சூடும், உள்ளே போகிற காற்றின் சூடும், வெளியே இருக்கிற சூடும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு சென்சாரும் 22 காட்டின. என் கேள்விக்கு ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே விடை வந்துவிட்டது, சென்சார் சரி. அண்ணன் செல்ஃப் எடுத்தார். எடுத்த மாத்திரத்தில் உதறல், சைலன்சரிலிருந்து வெள்ளையாகப் புகை. அவர் புகையில் கை வைத்து முகர்ந்து பார்த்தார். கூலன்ட் எரிந்தால் இனிப்பாக வாடை வரும், இதில் எதுவும் இல்லை. போர் தண்ணீர் ஊற்றுகிற வண்டியில் அந்த வாடையை எதிர்பார்க்கவும் முடியாது.

என்னை ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். உதறல் நின்ற பிறகும் கையை எடுக்க விடவில்லை. ஹோஸ் வெதுவெதுப்பாகி, மெதுமெதுவாகச் சூடேறிக்கொண்டே வந்தது. ஸ்கேனரில் கூலன்ட் சூடு ஐம்பதைத் தாண்டவே திணறியது. "என்னா தெரியுது?" என்றார். தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிற எஞ்சினில், எஞ்சின் 80 டிகிரியைத் தாண்டும்வரை மேல் ஹோஸ் ஜில்லென்று கிடக்க வேண்டும். வால்வு திறந்ததும் திடீரென்று கொதிப்பு வந்து சேரும். இங்கே முதலிலிருந்தே சூடு கசிந்து வருகிறது. "தெர்மோஸ்டாட் இல்லண்ணே, இல்லன்னா தொறந்தே கிடக்கு" என்றேன்.

"சரி. அத யாரு எடுத்திருப்பாங்க, எதுக்கு எடுத்திருப்பாங்க?"

அந்த இரண்டாவது கேள்விதான் எனக்கு இந்தத் தொழிலின் கதவைத் திறந்தது. வண்டி சூடாகிறது என்று வந்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அனுப்புகிற பழக்கம் நம் பக்கத்தில் நெடுநாளாக இருக்கிறது. வெயில் நாட்டுக்கு அது எதற்கு என்பார்கள். எஞ்சின் வேலைச் சூட்டுக்கு வராமலே ஓடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கும். இதெல்லாம் ஒரு பக்கம். கழற்றியிருக்கிறார்கள் என்றால் இந்தக் கார் எப்போதோ ஒரு நாள் கொதித்திருக்கிறது என்பதே எங்களுக்கு அதில் கிடைத்த சேதி. கொதித்த எஞ்சினில் அலுமினிய ஹெட் வளையும். ஹெட் வளைந்தால் கேஸ்கட் விட்டுக்கொடுக்கும். சூட்டில் உலோகம் விரிந்து இடுக்கை அடைத்துக்கொள்ளும். ராத்திரி ஆறும்போது சுருங்கி இடுக்கு திறக்கும். நிறுத்திய வண்டியில் மிச்சமிருக்கிற அழுத்தம், தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக சிலிண்டருக்குள் தள்ளும். காலையில் பிளக் நனைந்து கிடக்கும், அந்த சிலிண்டர் எரியாது. நனைந்தது ஆவியாகிப் போனதும் வண்டி சீராகிவிடும். நீண்ட தூரம் ஓடிய மறுநாள் அதிகம் என்று ஆசிரியர் சொன்னதும் இதோடு பொருந்தியது.

பொருந்துகிறது என்பதற்காக அண்ணன் ஹெட்டைக் கழற்றிவிடவில்லை. ஹெட்டைக் கழற்றுவது அந்த மனிதருக்குப் பெரிய செலவு. அதற்கு முன் சாட்சி வேண்டும். அன்று பகலில் மூன்றாவது சிலிண்டரின் பிளக்கையும் காயிலையும் முதலாவதோடு இடம் மாற்றி வைத்தோம். இரண்டும் சேர்ந்தே இடம் மாறுவதால் இதுவும் ஒரே கேள்விதான்: மிஸ்ஸிங் அவற்றோடு போகிறதா, சிலிண்டரோடு தங்குகிறதா? மறுநாள் விடியலில் வந்த கோடு மறுபடியும் மூன்றைத்தான் சொன்னது. கோடு எந்த இடம் என்று மட்டும் சொல்கிறது, ஏன் என்பதை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது என்று அப்போது நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கடைசிக் கேள்விக்கு ராத்திரியிலேயே ஏற்பாடு தொடங்கியது. ரேடியேட்டர் மூடி இருக்கிற இடத்தில் கைப்பம்பும் கேஜும் சேர்ந்த டெஸ்டரை மாட்ட வேண்டும். சூடாக இருக்கும்போதே அழுத்தம் ஏற்றிவிடலாமே என்று கேட்டேன். "சூட்டுல ஏத்துனா, ஆறுறப்ப முள்ளு தானா எறங்கும். எறங்குனது ஓட்டையினாலயா, ஆறுனதுனாலயான்னு யாரு சொல்றது? அது சாட்சியே இல்ல" என்றார் அண்ணன். சாயங்காலம் ஓட்டி நிறுத்திய வண்டி நன்றாக ஆறும்வரை உட்கார்ந்திருந்தோம். பிறகு மூடியில் எழுதியிருந்த 0.9 அளவுக்கு அழுத்தம் ஏற்றினார். முள் நின்ற இடத்தில் கேஜ் கண்ணாடி மேல் பேனாவால் ஒரு கோடு போட்டேன். எஞ்சினுக்கு அடியில் தரை முழுக்கப் பழைய தினத்தாளை விரித்து வைத்தோம். வடித்து வைத்திருந்த கூலன்ட் தட்டு ஒன்று ஷெட்டில் கிடந்தது. நாய் நக்கிவிடக் கூடாது என்று அதை மூடி, மேலே செங்கல் வைத்துவிட்டுத்தான் அண்ணன் கடை அடைத்தார். கூலன்ட்டில் இருக்கிற கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் கொடிய விஷம். தட்டை மூடி வைப்பதை ஒவ்வொரு ராத்திரியும் செய்வார்.

விடிந்ததும் முதலில் பார்த்தது கேஜை. முள் நான் போட்ட கோட்டிலிருந்து நன்றாக இறங்கியிருந்தது. குனிந்து டார்ச் அடித்தேன். தினத்தாளில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. வெளியே ஒழுகவில்லை என்றால் உள்ளேதான் போயிருக்க வேண்டும். காயில் கப்ளரையும் இன்ஜெக்டர் கப்ளரையும் கழற்றிவிட்டு மூன்று பிளக்கையும் எடுத்தோம். முதல் இரண்டும் காபிப்பொடி நிறத்தில் காய்ந்து இருந்தன. மூன்றாவதன் முனை கழுவித் துடைத்தது போல வெளுத்து, பீங்கான் ஓரத்தில் ஒரு நீர்முத்தோடு வந்தது. தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து அந்த பிளக் குழியின் மேல் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, முகத்தை விலக்கிக்கொள்ளச் சொன்னார் அண்ணன். நான் உள்ளே உட்கார்ந்து செல்ஃப் எடுத்தேன். எரிய எதுவும் இல்லாததால் எஞ்சின் வெறுமனே சுற்றியது. 'புஸ் புஸ்' என்று மூன்று குழியிலிருந்தும் காற்று. இறங்கி வந்து பார்த்தால் துண்டின் நடுவில் துருத் தண்ணீர் பொட்டுப் பொட்டாகத் தெறித்திருந்தது.

ஆசிரியருக்குப் போன் செய்து வரச் சொல்லி, துண்டையும் கேஜையும் காய்ந்த தினத்தாளையும் காட்டிய பிறகுதான் ஹெட்டைக் கழற்ற சம்மதம் கேட்டார். அவர் ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. கண்ணால் பார்த்த பிறகு எதற்குச் செலவு செய்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஹெட் இறங்கியதும் நேர்ச்சட்டத்தை அதன் முகத்தில் வைத்து இடுக்கில் ஃபீலர் கேஜ் விட்டேன். அந்த எஞ்சின் மேனுவல் அனுமதிக்கிற வளைவு 0.05 மில்லிமீட்டர். மூன்றாவது சிலிண்டர் பக்கம் 0.10 தகடு தாராளமாக நுழைந்தது. கேஸ்கட்டில் அந்த சிலிண்டரின் வளையத்துக்கும் தண்ணீர் ஓட்டைக்கும் நடுவே நூல் கனத்துக்கு ஒரு கறுப்புத் தடம். ஆனால் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது தண்ணீர் போகிற வழிகளைத்தான். ஓட்டைகளின் உட்புறம் முழுக்கச் சாம்பல் கலந்த வெள்ளையில் ஓடு கட்டியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் சில்லுச் சில்லாக வந்தது. டீக்கடையில் ஒரு எலுமிச்சைத் துண்டு வாங்கி வந்து சில்லின் மேல் பிழிந்தேன். நுரைத்தது. சுண்ணாம்பு.

எங்கள் மாவட்டத்தின் நிலமே அதுதான். கிரிட்டேசியஸ் காலத்தில் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்தவற்றின் ஓடுகள் படிந்துதான் இந்தச் சுண்ணாம்புப் பாறை உருவானது. பக்கத்தில் வாரணவாசியில் இருக்கிற புதைபடிவ அருங்காட்சியகத்தில் அந்த உயிர்களைக் கல்லாகப் பார்க்கலாம். அந்தப் பாறையை நம்பித்தான் இத்தனை சிமென்ட் ஆலைகள் இங்கே வந்தன, எங்கள் பட்டறை வாசலில் இத்தனை லாரிகள் ஓடுகின்றன. அதே பாறைக்குள் ஊறி வருகிற போர் தண்ணீர் குடத்தில் வெள்ளை படிய வைக்கிறது. எஞ்சினிலும் அதையேதான் செய்கிறது, அதுவும் கொதிக்கக் கொதிக்கச் சீக்கிரமாகச் செய்கிறது. சுண்ணாம்பு ஓடு கட்டிய இடத்தில் உலோகத்தின் சூடு தண்ணீருக்குள் இறங்காது. எஞ்சின் கொதிக்கிறது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றுகிறார்கள், ஹெட் வளைகிறது, காலையில் வண்டி உதறுகிறது. ஊர்க்காரன் என்பதால் இந்தத் தண்ணீரைப் பிறந்ததிலிருந்து குடித்திருக்கிறேன். அதை ஒரு எஞ்சினுக்குள் இப்படிப் பார்த்தபோது என் ஊரையே புதிதாகப் பார்த்த மாதிரி இருந்தது.

ஹெட்டைத் திருச்சிக்கு எடுத்துப்போய் முகம் சீவி வாங்கி வந்தோம். தண்ணீர் வழிகளைக் கரைசல் விட்டு ஊறவைத்துத் திரும்பத் திரும்பக் கழுவினோம். புதுக் கேஸ்கட், புதுத் தெர்மோஸ்டாட். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மேனுவலில் உள்ள வரிசையில், டார்க் ரெஞ்ச் வைத்துப் படிப்படியாக முறுக்க வேண்டும். அந்த வேலையை அண்ணன் என் கையில் கொடுத்துவிட்டு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு 'டக்' சத்தத்துக்கும் தலையை மட்டும் ஆட்டினார். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, மேல் ஹோஸ் ஜில்லென்று இருந்து, பிறகு ஒரே மூச்சில் சூடானதைக் கையால் பார்த்தேன். ஃபேன் தானாக ஓடி நின்றது.

அப்படியும் வண்டியை அன்று சாயங்காலம் கொடுக்கவில்லை. சரியாகிவிட்டதா என்ற கேள்வியையும் விடியலில்தான் கேட்க முடியும். ராத்திரி மறுபடி டெஸ்டரை மாட்டி, கோடு போட்டு, தாள் விரித்து வைத்தோம். காலையில் முள் கோட்டின் மேலேயே நின்றது. செல்ஃப் எடுத்ததும் எஞ்சின் வேகம் 1300 ஆர்பிஎம் பக்கம் ஏறி, சூடு வர வர இறங்கி, 800-ல் வந்து அமர்ந்தது. டேஷ்போர்டின் மேல் ஒரு தம்ளரில் தண்ணீர் வைத்துப் பார்த்தேன், மெல்லிய வளையம் மட்டும் ஓடியது. மூன்று சிலிண்டர் எஞ்சினில் அவ்வளவு இருக்கத்தான் செய்யும்.

வண்டியை எடுக்க வந்த ஆசிரியர் பானட்டைத் திறக்கச் சொல்லிக் கூலன்ட் டப்பாவை உற்றுப் பார்த்தார். "வீட்டுல ஆர்ஓ மெஷின் இருக்குதுப்பா. இனிமே குறைஞ்சா அந்தத் தண்ணிய ஊத்திக்கலாம்ல?"

"சுண்ணாம்பு கம்மிதாங்கய்யா. ஆனா துருப் பிடிக்காம இருக்க மருந்து அதுல கிடையாது, அது கூலன்ட்டுலதான் இருக்கு" என்றேன். அண்ணன் குறுக்கே எதுவும் சொல்லாமல் நின்றதால் நானே தொடர்ந்தேன். "அதோட இது மூடி வச்ச சிஸ்டம்ங்கய்யா, குறையவே கூடாது. டப்பாவுல இந்தக் கோட்டுக்குக் கீழ போச்சுன்னா எதையும் ஊத்தாதீங்க. போன் பண்ணிட்டு சாயங்காலம் கொண்டாந்து விட்டுடுங்க, ராத்திரி இங்க கிடக்கட்டும்."